வடகடலா, தென்கடலா?

கேள்வி: ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் கடல் குளம்போல் கிடந்தது. தனுஷ்கோடிச் சாலையில் தென்பக்கம் மட்டும் அலை வெளுத்து வாங்கியது. கார்த்திகையில் போன என் தங்கையோ வடபக்கம்தான் சீறியது என்று சாதிக்கிறாள். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி, பரமக்குடி)

பதில்: இரண்டு பேருமே சரி அம்மா. ஆனால் நீங்கள் எந்த மாதம் போனீர்கள் என்று எழுதவில்லை. ஆனி, ஆடியாக இருக்க வேண்டும். அப்போது சோழகக் காற்று தெற்கிலிருந்து தென்கடலான மன்னார் வளைகுடாவை உலுக்கும். மண்டபமும் ராமேசுவரம் தீவும் குறுக்கே நிற்பதால் வடகடலான பாக் விரிகுடாவுக்கு அந்த அடி விழாது. ஐப்பசிக்குமேல் வாடைக்காற்று இறங்கினால் கதை தலைகீழ். எங்கள் பக்கத்தில் தென்கடலை ஆண் கடல், வடகடலைப் பெண் கடல் என்பார்கள். கார்த்திகையில் வடகடலைப் பார்த்தவர் யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்!

மண்டபத்துப் படகுக்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. காற்று மாறினால், வடகரையில் கட்டிய படகைப் பாம்பன் கால்வாய் வழியாகத் தென்கரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். என் மைத்துனர் பாலத்தடியில் நீவாடு (கடல் நீரோட்டம்) தணியும்வரை நங்கூரம் போட்டுக் காத்திருப்பார். அந்த இடுக்கில் தண்ணீர் ஆறுபோல் ஓடும். சோழகத்தில் வடக்கே, வாடையில் தெற்கே.

கேள்வி: ஆறே இல்லாத ராமநாதபுரம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் கடலின் உப்பு குறைகிறதாமே, எப்படி ஐயா? (ஒரு மாணவர், இளையான்குடி)

பதில்: நல்ல கேள்வி தம்பி. வைகை இருக்கிறது, ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் அது ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டுவதில்லை. ஆற்றங்கரை என்னும் ஊரில் அது கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வெள்ளம் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். கடலின் உப்பைக் குறைக்கும் நன்னீர் எங்கிருந்தோ வருவது. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்கக்கடலில் கொட்டிய வெள்ளத்தை, ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுத்து வருகிறது. அதில் ஒரு பங்கு கோடியக்கரையைச் சுற்றிக்கொண்டு பாக் விரிகுடாவுக்குள் நுழைகிறது. நம் வயலுக்கு ஒரு சொட்டும் தராத கோதாவரி, நம் கடலுக்கு மட்டும் தாராளமாகத் தருகிறது!

மன்னார் வளைகுடா தெற்கே போகப்போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். பாக் விரிகுடாவிலோ பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள்தான். அவ்வளவு ஆழமில்லாத கடல் என்பதால் வெயிலடித்தால் சீக்கிரம் சூடாகும், காற்றடித்தால் அடிமண் கலங்கிச் சேறாகும், வெளித்தண்ணீர் வந்தால் உப்பு உடனே மாறும். அதனால், 'பாக் விரிகுடாவின் உப்பு இவ்வளவு, வெப்பம் இவ்வளவு' என்று ஒற்றை எண்ணை எழுதிக்கொண்டு வருகிறவரிடம் முதலில் எந்த மாதம் என்று கேள். சொல்லத் தெரியாவிட்டால் அந்தத் தாளை மடித்துக் கையில் கொடுத்துவிடு.

கேள்வி: 2019இல் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்தது ஆலைக் கழிவாலா? (ஒரு வாசகர், கீழக்கரை)

பதில்: இல்லை. அது நாக்டிலூக்கா என்னும், கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணுயிர். கடற்கரையில் பூங்கோரை என்பார்கள். தொட்டால் வழுவழுவென்றிருக்கும், வலைக்கண்ணில் பச்சைப் பசையாக ஒட்டும், இரவில் துடுப்புப் போட்டால் நீலமாக மின்னும். 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இது பெருகியது. காற்று ஓய்ந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் நாட்களில் பெருகி, பிறகு மொத்தமாக மடிந்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிக்கடலுக்கு ஓடக்கூடிய மீன் தப்பிக்கும். பாறை இடுக்கையும் கடற்புல்லையும் விட்டு நகராத ஓரா மீன் போன்றவை மூச்சுமுட்டிக் கரையொதுங்கும். நல்ல காற்று ஒன்று எழும்பினால் பச்சை கலைந்துவிடும். கழிவு கலப்பது வேறு வழக்கு, அதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒதுங்கிய மீனைப் பொறுக்கிக் கருவாடு போட்டவர்களும் உண்டு. நான் அதை வாங்க மாட்டேன்.