வாசகர் கேள்வி பதில்: டீமேக்கரும் விஸ்கித் தீவும்

கேள்வி: நான் தோட்டத் தொழிற்சாலையொன்றில் இருபத்தெட்டு வருடங்கள் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். கிளாஸ்கோவில் தாதியாகப் பணிபுரியும் மகள், வரும் மே மாதக் கடைசியில் எங்களை அழைத்து, ஐலா, ஸ்கை, மல், ஓர்க்னி ஆகிய நான்கு தீவுகளின் விஸ்கி வடிசாலைகளையும் ஒரே வாரத்தில் காரில் சுற்றிக்காட்டப் போவதாகச் சொல்கிறாள். நான் மதுவைத் தொடுவதில்லை. குடிக்காதவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?
- வாசகர், தலவாக்கலை

பதில்: குடிப்பவரைவிட உங்களுக்குத்தான் அங்கே பார்க்க அதிகம் இருக்கிறது, ஆனால் நான்கு தீவு வேண்டாம், ஒன்று போதும். ஓர்க்னி ஸ்கொட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், ஐலா தென்மேற்கில். ஒரு வாரத்தில் இரண்டையும் சேர்த்தால் வாரத்தில் பாதி பாதையிலும் துறைமுகத்திலுமே கழிந்துவிடும். 1995 முதல் பாலம் இருப்பதால் ஸ்கைக்குக் காரிலேயே போகலாம் என்றாலும், 1830இல் தொடங்கிய டாலிஸ்கரையும் அண்மைக்காலத்தில் வந்த ஒன்றிரண்டையும் தவிர அங்கே வடிசாலைகள் இல்லை.

ஐலாவிலோ, சிறிய தீவொன்றுக்குள் ஒன்பதுக்கு மேற்பட்ட வடிசாலைகள் இருக்கின்றன. கிளாஸ்கோவிலிருந்து கென்னகிரெய்க் துறைக்கு ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஓட்டிச் சென்று, அங்கே காரோடு கப்பலேறினால் இன்னும் ஏறத்தாழ இரண்டேகால் மணிநேரத்தில் போர்ட் எலனில் இறங்கலாம். காற்று பலத்தால் கப்பல் நின்றுவிடும் என்பதால், திரும்பும் நாளுக்கும் விமான நாளுக்கும் இடையே ஒரு நாளாவது விட்டுவையுங்கள். மே மாதக் கடைசியில் தீவின் விஸ்கித் திருவிழா நடப்பதால் தங்க அறை கிடைப்பது அரிது. பயணத்தை ஜூனுக்குத் தள்ளுவதே நல்லது. போர்ட் எலனிலிருந்து லாப்ரோய்க், லகவூலின், ஆட்பெக் என்ற மூன்று வடிசாலைகளையும் ஐந்து கிலோமீற்றர் நடைபாதையொன்று இணைப்பதால் அன்றைக்குக் காரே தேவைப்படாது.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, 1779இல் தொடங்கிய பௌமோர் போன்ற இடங்களில், முளைகட்டிய வாற்கோதுமையைத் தரையில் பரப்பி மரச் சவளால் புரட்டிப்போடும் நீண்ட கூடத்தைத்தான். நம் வாட்டும் மாடியில் கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கிறோம். அவர்களோ தானியத்தை ஊறவைத்து முளைக்கவிட்ட பிறகே உலர்த்துகிறார்கள். அந்த உலர்த்தும் சூளையில்தான் உங்களுக்கு வியப்பு காத்திருக்கிறது. டிரையரின் குழாய் எங்கேயாவது கசிந்து தேயிலையில் புகை வாடை ஏறிவிட்டால் ஏலத்தில் விலை என்னவாகும், யாருக்கு ஏச்சு விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கேயோ சதுப்புநிலத்தில் செங்கல் வடிவில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற மக்கிய கரிமண்ணை எரித்து, அந்தப் புகையை வேண்டுமென்றே தானியத்தில் ஏற்றுகிறார்கள். நமக்குக் குற்றமான வாடை அவர்களுக்குக் கையெழுத்து.

அடுத்து, விஸ்கி வடிக்கும் செம்புக் கொப்பரைகளின் அருகே பித்தளையும் கண்ணாடியுமான பூட்டிய பெட்டியொன்று நிற்கும். வடிந்து வருவதில் முதலையும் கடைசியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு அனுப்பும் நேரத்தை அதைப் பார்த்தே முடிவுசெய்வார்கள். நொதித்துக்கொண்டிருக்கும் இலையை அள்ளி முகர்ந்து, இனி அடுப்புக்குப் போகலாம் என்று நீங்கள் சொன்னீர்களே, ஏறக்குறைய அதே தீர்ப்புதான். சுவைக்கத் தரும் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு அப்படியே வைத்துவிடலாம். யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: ஸ்கொட்லாந்தில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரமே ஓட்டுநருக்குரிய எல்லை, நம் நாட்டில் அது 80. ஓட்டுபவர் பிறகு அருந்துவதற்காகப் பல வடிசாலைகள் சிறு போத்தலில் அடைத்துக் கொடுத்துவிடுகின்றன.

கேள்வி: பீப்பாயில் பூட்டி வைத்த விஸ்கி தானாகவே குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: உண்மைதான். ஸ்கொட்ச் விஸ்கியைக் குறைந்தது மூன்று வருடம் ஓக் மரப் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மரம் மூச்சு விடுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிவிடும். பத்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். வெப்ப நாடுகளிலோ தேவதைகளுக்குத் தாகம் இன்னும் அதிகம்.