யோர்தானைத் தாண்டினால் வனாந்தரம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். போன ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய வாரம் ஞானஸ்நானம் எடுத்தேன். தண்ணீரிலிருந்து எழுந்தபோது குடி என்னைவிட்டுப் போய்விட்டது என்றே நம்பினேன். இரண்டு மாதம் தொடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை. அன்றிலிருந்து எழுவதும் விழுவதுமாக இருக்கிறேன். இப்போதெல்லாம் காலையில் கை நடுங்குகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் காப்பாற்றும்" என்ற ஒரே வரிதான் வருகிறது. சபையில் சாட்சி சொல்பவர்கள் எல்லாரும் ஒரே நாளில் விட்டதாகச் சொல்கிறார்கள். வேறொரு சபையின் ஊழியர், "விசுவாசம் இல்லாமல் எடுத்தது செல்லாது, மறுபடியும் எடு" என்கிறார். எடுக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

எடுக்க வேண்டாம். "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்று எபேசியருக்கு எழுதுகிறார் பவுல். மூன்று முறை மறுதலித்த பேதுருவை இயேசு மறுபடியும் தண்ணீருக்கு அனுப்பவில்லை. "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு, ஆடுகளை அவர் பொறுப்பில் விட்டார். உங்கள் ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்ப்பெழுத அந்த ஊழியருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்களோ, தெரியவில்லை.

நான்காம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான பயம் இருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவம் எளிதில் தீராது என்று அஞ்சி, பலர் அதைத் தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 337இல் மரணப்படுக்கையில்தான் எடுத்தார். அவர்கள் அதை ஒரு முறைக்குமேல் உதவாத சோப்பாக நினைத்தார்கள். உங்கள் ஊழியர் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்கிறார். சோப்பு என்று நினைத்ததில்தான் இருவருக்கும் கோளாறு.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோர்தானில் வானம் திறக்கிறது, "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்று சத்தம் கேட்கிறது. அடுத்த வசனம் "உடனே" என்று தொடங்குகிறது. உடனே ஆவியானவர் அவரை வனாந்தரத்துக்குப் போகும்படி ஏவுகிறார். நாற்பது நாள் சோதனை. தண்ணீரிலிருந்து எழுந்தவருக்குக் கிடைத்த முதல் இடமே அதுதான். அப்படியிருக்க, சோதனை வந்ததைக் காட்டி உங்கள் விசுவாசத்தை எடைபோடுவது என்ன நியாயம்?

அங்கே பிசாசுக்கு இயேசு சொன்னதாக மத்தேயு எழுதும் மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வருபவை. செங்கடலைக் கடந்து, நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்த ஜனத்துக்கு மோசே சொன்னவை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் அந்தக் கடல் கடப்பையே ஞானஸ்நானம் என்கிறார். கடந்தவர்களில் அதிகமானோர் வனாந்தரத்தில் அழிந்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். இன்னொன்றும் கவனியுங்கள். பிசாசும் வசனம்தான் சொன்னான், அதுவும் நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் 91ஆம் சங்கீதத்திலிருந்து. வசனத்தை மாட்டிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

சாட்சிகளைப் பற்றி. ஒரே நாளில் விட்டவர்கள் இருக்கிறார்கள், நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்து "நேற்றும் விழுந்தேன், ஜெபியுங்கள்" என்று சொல்பவருக்கு நம் சபைகளில் மேடை கிடையாது. அதனால் விழுபவர்கள் எல்லாரும் தாங்கள் மட்டும்தான் விழுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அகஸ்டின் 387இல் மிலானில், ஈஸ்டர் இரவில், அம்புரோஸ் ஆயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். சுமார் பத்தாண்டுகள் கழித்து, தாமே ஆயராக இருக்கும்போது, பழைய இச்சைகளின் உருவங்கள் கனவில் இன்னும் வருகின்றன என்று எழுதினார். சாப்பிட உட்கார்ந்தால் தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்றும் எழுதினார். சபையார் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினார்.

ஒரே வரிதான் வருகிறது என்று வருந்துகிறீர்கள். கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்கிறது மத்தேயு. அவருக்கே புது வார்த்தை வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த சீஷரிடம் அவர் கேட்டதும் நீண்ட ஜெபமல்ல. சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபியுங்கள் என்றார். உங்கள் வரியில் "இன்றைக்கு மட்டும்" என்று இருக்கிறதே, நல்ல வரி. மாற்றாதீர்கள்.

ஆனால் விழித்திருப்பதில் நடக்கும் பாதையும் சேர்த்தி. பவுல் சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்கிறார். அந்தப் போக்கு வானத்திலிருந்து இறங்கும் என்று காத்திருக்கிறோம். உங்கள் விஷயத்தில் அது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அடுத்த தெரு வழியாக நடப்பதாக இருக்கலாம். சனிக்கிழமை மட்டும் வீட்டிலிருந்து ஒருவர் வந்து உங்களை அழைத்துப் போகட்டும். கூலி அவர் கையில் இருக்கட்டும். இதில் வெட்கம் எதற்கு? பரஸ்திரீயின் வீட்டு வாசலைக் கிட்டிச்சேராதே என்று நீதிமொழிகள் சொல்வதும் இதே புத்திதான்.

கை நடுக்கத்தை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல் மதுவுக்குப் பழகிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நிலையில் உபவாசம் இருந்து திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள்.