காய்ந்த செங்காந்தளுக்குத் தண்ணீர் வேண்டாம்

கேள்வி: வேலியோரம் நட்ட செங்காந்தள் ஐப்பசியில் நாலைந்து பூ விட்டது. தை பிறந்ததும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், துளிரே இல்லை. செத்துவிட்டதா? (வாசகி, மதுரை)

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கொடி காய்ந்தது நோயால் அல்ல. செங்காந்தள் பல ஆண்டு வாழும், ஆனால் மண்ணுக்கு மேலே தெரிவது ஒரு பருவத்துக்குத்தான். காய் முற்றியதும் தண்டு காய்ந்துவிடும், கிழங்கு அடுத்த மழைக்காலம் வரை உறங்கும். அந்தச் சமயத்தில் மண் ஈரமாகவே இருந்தால்தான் ஆபத்து, கிழங்கு அழுகிவிடும்.

சந்தேகமிருந்தால் மண்வெட்டி போடாமல் கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள். கலப்பை போல வளைந்த கிழங்கு கெட்டியாக இருந்தால் கவலை இல்லை, அப்படியே மூடிவிடுங்கள். அதன் நுனியில் மட்டும் கை படக் கூடாது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கிளை துளிர்க்காது.

இடம் மாற்றுவதானால் ஆனி, ஆடியில் செய்யலாம். நல்ல வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத செம்மண் போதும். களிமண்ணாக இருந்தால் மணல் கலந்து, மேடாக்கி நடுங்கள். அப்புறம், பிடிமானம். இந்தக் கொடி இலை நுனியைச் சுருட்டித்தான் ஏறும். சுவரையோ பருத்த கம்பத்தையோ அதனால் பற்ற முடியாது. மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்கள் கிளுவையை நட்டும் விராலிக் குச்சியை ஊன்றியும் படரவிடுவார்கள். வீட்டுக்கும் அதுவே அழகு. பந்தல் போட்டுக் கத்தரித்து ஒழுங்குபடுத்த வேண்டாம். வேலிச் செடிகளுக்குள் புகுந்து, பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும் பூவை அதன் போக்கில் விடுங்கள்.

கறுப்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட புழு இலையைத் தின்றால், கையுறை போட்டுப் பொறுக்கினாலே போதும்.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிழங்கு முதல் விதை வரை முழுச் செடியும் கொடிய விஷம், அதில் இருப்பது கோல்கிசின். குழந்தைகளோ ஆடு மாடோ புழங்கும் இடமென்றால் நடவே வேண்டாம். சமையல் கிழங்குகளோடு சேர்த்து வைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.