ஊசி போட்டும் பி.எஸ்.ஏ. ஏறுகிறது, இனி மாத்திரையா கீமோவா?

கேள்வி: எனக்கு 68 வயது, வீரவநல்லூர் பக்கம் விவசாயம். 2019இல் புராஸ்டேட் புற்றுநோய் என்று கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், இரண்டு வருடம் ஹார்மோன் ஊசியும் போட்டேன். இந்த நோயைக் கவனிக்க இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 0.3க்கு இறங்கி நன்றாகத்தான் இருந்தேன். 2023இல் திரும்ப ஏறியதால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அப்படியும் ஆறு மாதத்தில் 4, 11, 26 என்று ஏறிவிட்டது. எலும்பு ஸ்கேனில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் புள்ளிகள் தெரிகின்றனவாம். வலி பெரிதாக இல்லை. பத்து வருடமாக சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. ஒரு டாக்டர் அபிராடெரோன் மாத்திரை என்கிறார், இன்னொருவர் என்சலூட்டமைடு என்ற வேறு மாத்திரை, மூன்றாமவர் கீமோ. ஆபரேஷன் செய்து விதையை (விரையை) எடுத்துவிட்டால் தீர்ந்தது என்கிறான் மச்சினன். எதில் பக்கவிளைவு குறைவு?

பதில்: அண்ணாச்சி, மூன்று டாக்டர் மூன்று விதமாகச் சொல்கிறார்களே என்று குழம்ப வேண்டாம், மூன்றுமே நடப்பில் உள்ள வைத்தியம்தான். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு எண்ணைக் காணோம். உங்கள் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு? ஊசியின் வேலையே அந்த ஆண் ஹார்மோனை டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே அழுத்தி வைப்பதுதான். அது கீழே கிடந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால் நோய் ஊசிக்கு மசியவில்லை என்று பொருள். மேலே இருந்தால் கோளாறு ஊசியில், புது மருந்துப் பேச்செல்லாம் அப்புறம். ஊசி அட்டையை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள். பிசான நடவு, அறுப்பு என்று இருபது முப்பது நாள் தள்ளிப்போட்டுவிட்டு, கேட்டால் "கரெக்டாப் போட்டுட்டேன் டாக்டர்" என்று சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், உங்களைச் சொல்லவில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனைதான், முதலில் அதைச் செய்யுங்கள்.

மச்சினன் சொன்னது பாதி உண்மை. விதையை நீக்கினால் இந்த நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டினார், 1966இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைக்கும் அது நல்ல சிகிச்சைதான், சின்ன ஆபரேஷன். ஆனால் அது செய்வதும் ஊசி செய்வதும் ஒரே வேலை, டெஸ்டோஸ்டிரோனை இறக்குவது. டெஸ்டோஸ்டிரோன் ஏற்கெனவே கீழே இருந்தால் பி.எஸ்.ஏ. அதனால் இறங்காது. ஊசிச் செலவும் மூன்று மாதத்துக்கு ஒரு அலைச்சலும் மிச்சமாகும், அவ்வளவுதான். அதுவே போதும் என்று செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, டெஸ்டோஸ்டிரோன் 50க்குக் கீழேதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எந்த மருந்தில் பக்கவிளைவு குறைவு என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, உங்கள் உடம்பில் ஏற்கெனவே என்ன ஓட்டை இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அபிராடெரோனோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு, அது சர்க்கரையை ஏற்றும். சர்க்கரைக்குப் பயந்து ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தினால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும், ஏனென்றால் அதையெல்லாம் தடுக்கத்தான் அதைக் கொடுக்கிறோம். கல்லீரல் பரிசோதனையும் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னொன்று, முழு அளவான 1000 மில்லிகிராமை வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும், முன்னால் இரண்டு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. இட்லி தோசையோடு சேர்த்துப் போட்டால் மருந்து பல மடங்கு இரத்தத்தில் ஏறிவிடும். வயலுக்குப் போகிறவர்கள் விடியற்காலை எழுந்ததும் போட்டுக்கொள்வது வசதி, சர்க்கரை மாத்திரையை மட்டும் அப்போதே போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள். 250 மில்லிகிராமைச் சாப்பாட்டோடு கொடுக்கும் முறையும் இருக்கிறது, செலவு நன்றாகக் குறையும், ஆனால் அதற்கு ஆதாரம் சின்ன ஆய்வுதான், டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

என்சலூட்டமைடுக்கு ஸ்டீராய்டு தேவையில்லை, சர்க்கரைக்காரருக்கு அது பெரிய நிம்மதி. பதிலுக்கு அசதி அடித்துப் போடும், பி.பி. ஏறலாம், கீழே விழுவது கூடும். வழுக்குகிற வரப்பில் நடக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை, இத்தனை வருட ஊசியில் எலும்பு வேறு மெலிந்திருக்கும். முன்பு வலிப்போ பக்கவாதமோ வந்திருந்தால் இதை நான் தொடமாட்டேன். வேறு மாத்திரைகளோடும் இது மோதும், சாப்பிடும் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கீமோ என்றால் டோசிடாக்சல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முடி கொட்டும், திரும்ப முளைக்கும், அது எனக்குக் கவலையில்லை. உள்ளங்கால் மரத்துப் போவதுதான் கவலை, பத்து வருடச் சர்க்கரையில் ஏற்கெனவே கால் மரத்திருந்தால் அது இன்னும் கூடும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாளில் காய்ச்சல் 100.4ஐத் தாண்டினால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. வலி அதிகமாக இருந்தால், ஈரல் நுரையீரலுக்குப் பரவியிருந்தால், நோய் வேகமாக ஓடினால் கீமோவை முன்னால் கொண்டுவருவோம். வலியில்லாத உங்களுக்கு அதை நான் பிறகு தேவைப்படும் என்று கையில் வைத்திருப்பேன். ஒரு மாத்திரை கைவிட்டபின் அடுத்த மாத்திரை பெரும்பாலும் அவ்வளவாக எடுபடாது, அப்போது கீமோவின் முறை வரும்.

என் கை என்சலூட்டமைடு பக்கம் சாய்கிறது, வலிப்பு வந்ததில்லை, நடை தடுமாறவில்லை என்றால். சர்க்கரை கட்டுக்குள் இருந்து, பணம்தான் பிரச்சினை என்றால் அபிராடெரோன், உள்நாட்டுத் தயாரிப்புகள் மலிவாகவே வந்துவிட்டன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். எந்த மாத்திரை தொடங்கினாலும் ஊசியை நிறுத்தக் கூடாது. அக்கா தங்கைக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், மரபணுப் பரிசோதனை செய்து ஒலாபரிப் என்ற மருந்தை யோசிக்கலாம். லுட்டீசியம் என்ற கதிர்வீச்சு மருந்தை ஊசியாக ஏற்றும் சிகிச்சை பற்றி யாராவது சொல்வார்கள், அது பின்னால் வரவேண்டியது.

எலும்பைப் பலப்படுத்தச் சோலெட்ரானிக் அமிலம் என்ற ஊசியைப் போடச் சொன்னால் முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். வெற்றிலை புகையிலை போட்டு ஆடிக்கொண்டிருக்கும் பல்லை அந்த ஊசிக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு அழுகிப் போகலாம்.

கடைசியாக, இதை வீட்டம்மாவிடமும் சொல்லிவையுங்கள்: புதிதாக முதுகில் வலி எடுத்துக் கால் பலமிழந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். விடியட்டும், முதல் பஸ்ஸில் போவோம் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிட்டு அன்று இரவே திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.