14 சதுர மீட்டர் அறை, மாதம் 14 மணி நேரம்

கொளத்தூர் தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாய், அதனால் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். அக்டோபரில் ஜெர்மனியின் கொலோனில் உனக்கு முதுகலை தொடங்குகிறது. விடுதியில் இடம் இல்லை. 'வோனன் ஃப்யூர் ஹில்ஃபெ', அதாவது உதவிக்கு ஈடாகத் தங்கும் திட்டத்தில், தனியாக வாழும் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை கிடைத்திருக்கிறது. வாடகைக்குப் பதில் வேலை என்றால் வீட்டு வேலைக்காரி மாதிரி ஆகிவிடுமா, அவரோடு எப்படி ஒட்டிப் போவது, சமைக்க விடுவாரா என்று கேட்டிருக்கிறாய். பெரம்பூரில் வளர்ந்து, நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்து, அதே கொலோனில் இதே ஏற்பாட்டில் இரண்டு வருடம் இருந்தவள் நான். அங்கேயே வேலை கிடைத்துத் தங்கி இப்போது பதினோரு வருடம் ஆகிறது. லீவுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருப்பதால் உட்கார்ந்து நிதானமாக எழுத முடிகிறது.

வேலைக்காரி விஷயத்தை முதலில் சொல்கிறேன். என் அம்மாவும் இதையே கேட்டு அழுதாள். அறையின் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேரம் என்பதுதான் அங்கே கணக்கு. உன் அறை 14 சதுர மீட்டர் என்றால் மாதம் 14 மணி நேரம், வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் கூட வராது. கடைக்குப் போய்வருவது, தோட்டத்தில் இலை கூட்டுவது, கணினியில் ஏதாவது சிக்கல் என்றால் பார்ப்பது, சேர்ந்து நடக்கப் போவது, இப்படித்தான் இருக்கும். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது போன்ற நோயாளிப் பராமரிப்பு இதில் கிடையாது. அதைக் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். கரண்ட், தண்ணீர், ஹீட்டர் செலவில் உன் பங்கை மட்டும் பணமாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்.

செய்த நேரத்தையும் எழுதி வை. நம் வீட்டில் பால் கணக்கைக் காலண்டரில் குறிப்போமே, அதேபோல. எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது. பாட்டிக்குக் காய்கறி வாங்கித் தந்ததற்கு யாராவது மணிக்கணக்கு எழுதுவார்களா என்று விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவே ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தேதி வாரியாக எல்லாம் எழுதியிருந்தது. ஐந்து மணி நேரம் அதிகமாகச் செய்திருக்கிறாய், அடுத்த மாதம் உனக்குப் பரீட்சை, அப்போது கழித்துக்கொள் என்றார். கணக்கு பார்ப்பதை நான் அதுவரை பாசம் இல்லாத வேலையாகத்தான் நினைத்திருந்தேன். என் பரீட்சைத் தேதி அவர் நோட்டில் இருந்தது.

சாப்பாட்டில்தான் நான் ரொம்பத் தடுமாறினேன். போய் இறங்கிய அன்றைக்கு மாலை, சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வேண்டாம், பரவாயில்லை என்றேன். நம் ஊரில் அதற்கு அர்த்தம் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள் என்பது. அவர் சரி என்று பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் மூடியிருந்தன. பையில் இருந்த முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அவர்மேல் தப்பில்லை, என் வார்த்தையை அப்படியே மதித்தார், அவ்வளவுதான். பசித்தால் பசிக்கிறது என்று சொல். குளிர்ந்தால், புரியாவிட்டால், சனிக்கிழமை வர முடியாவிட்டால் அதையும் வாயைத் திறந்து சொல். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருக்காதே. முதல் வாரத்திலேயே இது பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். இரவில் ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி என்று அடுப்பு மூட்டாத சாப்பாடுதான் பல வீடுகளில். அதை 'ஆபென்ட்ப்ரோட்' என்பார்கள். சோறு வேண்டுமென்றால் நீயேதான் வைக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் சீட்டுகள். இரண்டாவது வாரம் குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: தரை ஈரமாக இருக்கக் கூடாது, கண்ணாடியைத் துடைக்கவும். அங்கே பெரும்பாலான குளியலறைகளில் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. ஷவர் கண்ணாடியில் தண்ணீர் நின்றால் சுண்ணாம்புக் கறை படியும். நான் வாளியும் மக்குமாகப் பழகியவள், தரை முழுக்க நனைத்து வைத்திருந்தேன். நேரில் சொல்லாமல் எழுதி ஒட்டியிருக்கிறாரே, இவ்வளவு கோபமா என்று ராத்திரி ஒன்பது மணிக்கு என் அம்மாவைப் போனில் எழுப்பி அழுதேன். சென்னையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. காலையில் அந்த அம்மா எப்போதும்போலச் சிரித்துக் காபி ஊற்றினார். என் ஜெர்மன் தட்டுத்தடுமாறி இருந்ததால், நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். உனக்கும் சீட்டு வரும். சொன்னதைச் செய், மனசில் ஏற்றிக்கொள்ளாதே.

எப்படிக் கூப்பிடுவது? 'ஸீ' என்பது நீங்கள், 'டூ' என்பது நீ. 'டூ' என்று கூப்பிடலாம் என்பதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும், அதுவரை 'ஃப்ராவ்', அதாவது திருமதி போட்டுக் குடும்பப் பெயர். சொன்ன பிறகு பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எழுபது வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு மாதம் நாக்கு எழவில்லை. ஆனால் திரும்பவும் 'ஸீ' என்றால் அவரைத் தள்ளி வைப்பது போல ஆகிவிடும்.

சமைக்க விடுவார், ஆனால் கேட்டுவிட்டுத் தொடங்கு. அடுப்பு கண்ணாடித் தளமாக இருக்கலாம், இரும்புத் தோசைக்கல்லை அதில் இழுத்தால் கீறல் விழும். குக்கர் விசிலை முன்கூட்டியே சொல்லி வை, தனியாக இருப்பவர் பயந்துவிடுவார். தாளித்து முடித்ததும் ஜன்னலை முழுதாகத் திற. சமைக்காத நாளிலும், குளிர்காலத்திலும், ஹீட்டரை அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைப்பது அங்கே வீட்டு முறை. இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு காகித வேலை மட்டும் தள்ளிப்போடாதே. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. போன அன்றே கேட்டு வாங்கு. அப்புறம் ரேடியோ, டிவிக்கான ஒலிபரப்புக் கட்டணம் என்று உன் பேருக்குக் கடிதம் வரும். அது வீட்டுக்கு ஒன்றுதான். அந்த அம்மா கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்பு, நீ தனியாகக் கட்ட வேண்டாம்.

டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். அந்த நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனிலேயே இருந்துவிடாதே. அந்த அம்மாவுக்கும் அது இருட்டுக் காலம்தான். நான் இருந்த வீட்டு அம்மாவும் நானும் சேர்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிய மாலைகள்தான் எனக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தன.

பெருங்காயத்துக்கு அந்த மொழியில் 'டாய்ஃபெல்ஸ்ட்ரெக்' என்று பேர், பிசாசின் கழிவு என்று அர்த்தம். வாசனையை அவ்வளவு தூரம் உணர்வார்கள். காற்றுப் புகாத திருகு மூடி எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துப் போ. நான் கொண்டுபோன டப்பா இங்கே அம்மா வீட்டில் சும்மா இருக்கிறது. இந்த மாதக் கடைசிவரை பெரம்பூரில்தான் இருப்பேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போ.