இஸ்திரிச் சட்டை

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் நான்கறை வீட்டில் வசிக்கிறேன். பொறியாளர். மூன்று மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. கீழ்மாடி வீட்டில் இருக்கும் பாதுகாவலர் அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு கால் முறிந்து கிடந்தபோது எங்கள் அடுக்குமாடி புளோக்கே திரண்டது. ஒரு வீட்டிலிருந்து சோறு வந்தது. இன்னொரு வீட்டார் அவர் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போனார்கள். என் கதவை ஒருவரும் தட்டவில்லை. நானோ அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடாதென்று தினமும் இஸ்திரி போட்ட சட்டையுடன் நூலகத்துக்குப் போய்வருகிறேன். படித்தவனுக்கு ஆதரவே கிடையாதா?
ர.

அன்புள்ள ர.,

பாதிப் பதில் அந்தச் சட்டையிலேயே இருக்கிறது. மாவுக்கட்டுடன் மின்தூக்கியில் நிற்பவரிடம் எவரும் 'என்ன ஆயிற்று?' என்று கேட்பார்கள். உங்களிடம் என்னவென்று கேட்பது? (நானும் ஒரு காலத்தில் நூலகத்தின் நாளிதழ் மேசையில் பகலைக் கழித்தவன். அங்கே இஸ்திரிச் சட்டைகள் நிறைய உண்டு.)

மறுபாதிக்கு நீங்கள் பொறுப்பல்ல. பட்டதாரியென்றால் சேமிப்பு இருக்கும், சமாளித்துக்கொள்வார் என்பது ஊர்க்கணக்கு. 2025 ஏப்ரலில் தொடங்கிய அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தருகிறது; முந்தைய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருந்தால் அது கிடையாது. உறவினர்களும் அதே கோட்டைப் போடுகிறார்கள், சம்பளச் சீட்டைக் கேட்காமலேயே.

ஆனால் அண்ணனைப் பார்த்து ஏங்காதீர்கள். கொள்கை ஆய்வுக் கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு அடுக்குமாடி வீட்டில் வசிப்பவரின் நெருங்கிய தொடர்புகளில் சராசரியாக 4.3 பேர் வீவக வீட்டார். தனியார் வீட்டில் இருப்பவர் 0.8 பேர்தான். அண்ணனின் வட்டமும் பெரும்பாலும் அவரைப் போன்றவர்களாகத்தான் இருக்கும். அவருக்குச் சோறு வந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை வந்ததா? கேட்டுப்பாருங்கள்.

உங்கள் படிப்பு சேர்த்து வைத்திருப்பது வேறு வகை ஆட்களை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்ட விவரம் இருக்கிறது. அடிக்கடி என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்குத் தகவல் வந்தது எப்போதாவது பார்ப்பவரிடமிருந்து. உங்கள் பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக எப்போது எழுதினீர்கள்? தீபாவளி வாழ்த்துப் படத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்று இரவே அங்கே 'வேலை போய்விட்டது' என்று எழுதுங்கள். 'புதிய வாய்ப்புகளை ஆராய்கிறேன்' என்று எழுதினால் வாழ்த்துத்தான் வரும். சுயவிவரத்தை எனக்கும் அனுப்புங்கள். இங்கே எழுதும் வாசகர்களில் பொறியியல் துறையினர் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், விசாரிக்கிறேன். நாம் சந்தித்ததில்லை என்பது இதற்குத் தடையில்லை.