மேட்டில் திணறி நிற்கும் பழைய மோட்டார்ஹோம்: கோளாறு எங்கே?

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள வீட்டு வண்டி) 1988 மாடல், கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. இன்ஜின் முன்னால், டேங்க் பின்னால். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது நீண்ட மேட்டில் ஏறினால் திணறித் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை சுத்தம் செய்தாயிற்று, இன்ஜினில் இருக்கும் பம்பையும் மாற்றியாயிற்று. டேங்க் கால்வாசிக்கு வந்ததும் ஜெனரேட்டரும் அணைந்துவிடுகிறது. வேறு எங்கே பார்ப்பது?

பதில்: ஜெனரேட்டரை முதலில் ஒதுக்கிவிடலாம், அது பெரும்பாலும் கோளாறே இல்லை. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் எடுக்கும் குழாயை டேங்க்குக்குள் வேண்டுமென்றே குட்டையாக விட்டிருப்பார்கள். இரவெல்லாம் அது ஓடினாலும் காலையில் வண்டி கிளம்பப் பெட்ரோல் மிஞ்ச வேண்டுமே.

இன்ஜின் விஷயத்தில் நீங்கள் சொன்ன 'மேடு', 'பாதிக்குக் கீழே' என்ற இரண்டும் நல்ல துப்பு. உங்கள் பம்ப் முன்னால் இருந்துகொண்டு, பல மீட்டர் தள்ளியிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. மேடு ஏறும்போது வண்டியின் மூக்கு உயர்கிறது, டேங்க் தாழ்கிறது. டேங்கில் பெட்ரோலும் குறைவாக இருந்தால் இன்னும் ஆழத்திலிருந்து இழுக்க வேண்டும். அதே நேரத்தில்தான் இன்ஜின் அதிகப் பெட்ரோல் கேட்கிறது. அந்தப் பாதையில் எங்காவது சின்னப் பழுது இருந்தால் சமதளத்தில் தெரியாது, மேட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த முறை நின்றதும் உடனே ஒன்று செய்யுங்கள். இன்ஜினை ஆஃப் செய்து, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் திருப்பியபடி கார்புரேட்டருக்குள் பாருங்கள். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சி அடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. இக்னிஷன் பக்கம் தேடுங்கள். வறண்டு கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பிறகு டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

மூடி சரியாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ்களை. இந்தப் பக்கம் வெடிப்பு விட்டால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே இருக்கலாம். காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. நான் பார்த்த ஒரு வண்டியில் கீழே தெரிந்த ஹோஸ் எல்லாம் புதிது. டேங்க்கை இறக்கினால், அதன் தலையில் ஒரு விரல் நீளத்துக்குப் பழைய துண்டு ஒன்று அப்படியே இருந்தது. மேலுக்குப் பளபளப்புதான். வளைத்துப் பார்த்தபோது வறண்ட குளத்து மண் மாதிரி வாய் பிளந்தது. ஆகவே ஹோஸைப் பார்த்தால் மட்டும் போதாது, வளைத்துப் பார்க்க வேண்டும்.

உறுதி செய்துகொள்ள, பெட்ரோலுக்கென்றே செய்த ஒளி ஊடுருவும் ஹோஸ் துண்டு ஒன்றைப் பம்புக்கு முன்னால் தற்காலிகமாகப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் எங்கோ ஏர் இழுக்கிறது. ஹோஸ் எல்லாம் மாற்றியும் பாதி டேங்க்குக்குக் கீழே மட்டும் குமிழி வந்தால், டேங்க்குக்குள் இறங்கும் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம்.

குமிழியே இல்லாவிட்டால் அடைப்பைத் தேட வேண்டும். உள்குழாயின் நுனியில் இருக்கும் வலையில் துருவும் தூசும் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்று இழுவை போனதும் உதிர்ந்துவிடும். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆவதற்கு இதுவும் காரணமாகலாம். பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள், துருத்தூள் இருந்தால் டேங்க்கை இறக்கத்தான் வேண்டும். உள்ளே ஊறிப்போன ஹோஸ் இழுவையில் சப்பையாக ஒட்டிக்கொள்வதும் உண்டு.

வெயில் நாளில் மட்டும் நின்றால் வேப்பர் லாக்காக இருக்கலாம், அதாவது சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகும் பெட்ரோல் லைனைத் தள்ளி வையுங்கள், அல்லது வெப்பத்தடுப்பு சுற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்தக் கால ரப்பர் சீக்கிரம் கெடும். புதிதாக வாங்கும் ஹோஸில் 'எஸ்.ஏ.ஈ. 30ஆர்9' (SAE 30R9) என்ற தரக் குறியீடு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் துண்டுக்கு அது ஆகாது, '30ஆர்10' வேண்டும்.

லைனில் கை வைக்கும் முன் தயவுசெய்து இதை மறக்காதீர்கள்: ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் இரண்டிலும் எரியும் கேஸ் சுடரை அணைத்து, சிலிண்டரையும் மூடிவிடுங்கள். இன்ஜினைத்தான் ஆஃப் செய்தோமே என்று வேலையில் இறங்கினால், வண்டியின் பக்கவாட்டில் அந்தச் சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு, தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, இன்ஜின் ஆறிய பிறகு முதல் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள்.